முப்பத்தொன்றாம் தேதிக் குளியல்

மூன்றாம் குழியில் நிலக்கரிச் சுரங்கத்தை மூடி ஒரு தலைமுறை ஆகிவிட்டது. குழியை அடைத்தவர்கள் ஊரின் பெயரை அடைக்க மறந்துவிட்டார்கள். மலைச்சரிவில் கம்பெனி கட்டிய வரிசை வீடுகள் இன்னும் நிற்கின்றன. பாதி வரிசைகளில் ஆள் இல்லை. ஆள் இல்லாத கூரையில் ஏறிப் பனியைத் தள்ள யாரும் போவதில்லை. அப்படிப்பட்ட வீடு இரண்டு குளிர்காலம் தாங்கும். மூன்றாவதில் முதுகு ஒடிந்து உட்கார்ந்துவிடும்.

இந்த வீடுகள் எதிலும் குளியலறை கிடையாது. குழியிலிருந்து கரியோடு ஏறி வருகிறவன் அந்தக் கரியை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது என்று கம்பெனி ஊருக்கு நடுவில் ஒரு பொதுக் குளியல்கூடம் கட்டியது. ஆண்களுக்கு ஒரு தொட்டி, பெண்களுக்கு ஒரு தொட்டி, நடுவில் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு சுவர். கம்பெனி போகும்போது வீடுகளையும் குளியல்கூடத்தையும் நகராட்சியின் தலையில் வைத்துவிட்டுப் போனது. அன்றிலிருந்து நகராட்சி தலையை உதறிக்கொண்டே இருக்கிறது.

குளியல்கூடத்தைப் பார்த்துக்கொண்டவள் கினுயே. அறுபதை நெருங்குகிறவள். அவளும் புருஷன் யொஷிமியும் பாய்லர் அறைக்குப் பின்னால் ஒட்டிக் கட்டிய இரண்டு அறையில் குடியிருந்தார்கள். சம்பளம் நகராட்சியுடையது, அறை நகராட்சியுடையது, இடுப்பு வலி மட்டும் அவளுடையது.

காலையில் அவள் முதலில் செய்வது தொட்டியின் அடைப்பைப் பிடுங்குவது. தண்ணீர் இறங்க இறங்க, ரப்பர் பூட்ஸோடு உள்ளே இறங்கி நீளப் பிரஷ்ஷால் தேய்ப்பாள். சோப்பும் உடம்பு எண்ணெயும் சேர்ந்து தொட்டியின் ஓட்டில் ஒரு மெல்லிய ஏடு படியும். அதைத் தேய்க்காமல் விட்டால் மறுநாள் யாராவது வழுக்கி விழுவார்கள். வடிகால் வலையில் முடி சுருண்டிருக்கும். விரலால்தான் எடுக்க வேண்டும். பிறகு வெளியே போய்ப் பாய்லர் எண்ணெய்த் தொட்டியின் வாயைப் பனியிலிருந்து தோண்டி எடுப்பாள். எண்ணெய் லாரிக்காரன் சோம்பேறி. வாய் தெரியாவிட்டால் லாரியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான். மதியத்துக்கு மேல் தண்ணீர் நிரப்பிப் பாய்லரை மூட்டினால், அது முதலில் இருமும், பிறகு முனகும், பிறகு ஒரே சீராக உறுமும். மூன்று மணிக்கு வாசலில் நீலத் துணியைத் தொங்கவிடுவாள். துணி தொங்கினால் கூடம் திறந்திருக்கிறது என்று பொருள். துணி இல்லாத வாசலுக்குள் யாரும் காலை வைக்க மாட்டார்கள். கதவைத் தட்டவும் மாட்டார்கள்.

எல்லோரும் குளித்துப் போன பிறகு மிச்சமிருக்கும் தண்ணீரில் புருஷனும் பெண்டாட்டியும் குளிப்பார்கள். முப்பது வருடம் கடைசித் தண்ணீர்தான். முதல் தண்ணீர் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

நான் நாலாம் வரிசையில் இருக்கிறேன். ராத்திரி வேலைக்குப் பக்கத்து ஊரில் பெட்டிச் சாப்பாடு கட்டும் தொழிற்சாலைக்குப் போகிறவன். பஸ் வரும்வரை பாய்லர் அறையில் உட்கார்ந்திருப்பேன். ஊரில் சும்மா கிடைக்கும் ஒரே சூடு அது. சுவர் மெல்லிசு. அங்கே உட்கார்ந்தால் மூன்றாம் குழியில் யார் என்ன பேசினாலும் காதில் விழும்.

இலையுதிர்காலக் கடைசியில் நுமகுரா வந்தார். எங்கள் பகுதியின் நகரமன்ற உறுப்பினர். உறுப்பினர்களைச் சென்செய் என்று கூப்பிடுவது எங்கள் ஊர் வழக்கம். பள்ளிக்கூட வாத்தியாரையும் வைத்தியரையும் கூப்பிடுகிற அதே சொல். இவர்கள் யாருக்கு என்ன சொல்லிக்கொடுத்தார்கள், எந்த வியாதியைத் தீர்த்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை. ஏழாம் வரிசையில் செத்துப்போன தன் அம்மாவின் வீட்டு வாசலில் நுமகுரா தன் பெயர்ப்பலகையை மாட்டி வைத்திருக்கிறார். குடியிருப்பது கீழே, நகராட்சிக் கட்டிடத்துக்குப் பக்கத்தில். அந்த வீட்டுத் தொட்டி பித்தானை அமுக்கினால் தானே நிரம்பி, தானே சூடாகி, சூடானதும் ஒரு பாட்டுப் பாடுமாம்.

கினுயே உப்பு சால்மன் தலையைப் போட்டு முள்ளங்கிக் குழம்பு வைத்திருந்தாள். நுமகுரா இரண்டு கிண்ணம் குடித்தார். கன்னத்துச் சதையை எலும்பிலிருந்து உறிஞ்சி எடுத்தபடியே, நகராட்சியில் 'பொதுச் சேவை மறுபார்வை' என்று ஒன்று தொடங்கியிருப்பதாகவும், குளியல்கூடம் அந்தப் பட்டியலில் இருப்பதாகவும் சொன்னார்.

"மூடிருவாங்களா, சென்செய்?" என்று கினுயே நேராகக் கேட்டாள்.

"மூடுறதுன்னு யாருமே சொல்லலையேக்கா. மறுபார்வை. அப்படின்னா மறுபடி ஒரு தடவை பாக்குறது."

"பாத்துட்டு?"

"பாத்துட்டு... பாப்பாங்க."

"எங்க வீடும் இதுக்குள்ளதான் இருக்கு. அதையும் சேத்துத்தான பாப்பாங்க?"

நுமகுரா எலும்பைக் கிண்ணத்து ஓரத்தில் வைத்தார். "கீழ மாடிக் குடியிருப்புல இடம் இருக்கு. யாரும் உங்களைப் பனியில விட்டுற மாட்டாங்க. ஆனா அது வரைக்கும் போக வேண்டாம்னுதான் நான் ஓடி வந்திருக்கேன். மேலிடத்துல ஒரு பேச்சு ஓடுது. மூணாம் குழிக்காரங்களுக்குக் கேக்கத்தான் தெரியும், விட்டுக்குடுக்கத் தெரியாதுன்னு. அந்தப் பேச்சை நாம உடைக்கணும். நம்ம பக்கத்துல ஒத்துழைக்கிற மனசு இருக்குன்னு அவங்களுக்குத் தெரியணும்."

"மனசை எப்படிக் காட்டுறது?"

"அதை நீங்கதான் யோசிக்கணும். நான் சொன்னா நல்லா இருக்காது."

யொஷிமி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். அவன் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். வாழ்நாள் முழுக்க அடுத்தவன் பேச்சுக்குத் தலையாட்டியே கழுத்து வளைந்த ஆள். நுமகுரா போகும்போது வாசல்வரை போய், காரின் கண்ணாடியில் விழுந்த பனியைத் தன் கையால் துடைத்துவிட்டான்.

"குழம்பு நல்லா இருந்துச்சுன்னு சொன்னாரு" என்றான் திரும்பி வந்து.

"அது மட்டுந்தான் அவன் உண்மையாச் சொன்னது" என்றாள் கினுயே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூடத்தில் கூட்டம். மண்ணெண்ணெய் அடுப்பைச் சுற்றி எல்லோரும் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார்கள். தேநீர், ஆரஞ்சு, அரிசி வறுவல். தலைவர் ஒனோதெரா ஒருகாலத்தில் குழியில் மேஸ்திரி. குழி மூடிய பிறகும் மேஸ்திரிதான். மனு ஒன்று எழுதுவது என்று முடிவாயிற்று. மனுவோடு மனசையும் காட்ட வேண்டும், எப்படி என்று கேட்டார். ஆரஞ்சு உரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

அப்போதுதான் யொஷிமி வாயைத் திறந்தான். சங்கத்தில் இத்தனை வருடத்தில் அவன் சொந்தமாகச் சொன்ன முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

"நாமளே குளிக்கிறதைக் குறைச்சுக்கிட்டா என்ன? ஒத்தைப்படை வரிசைக்காரங்க ஒத்தைப்படைத் தேதியில. ரெட்டைப்படை வரிசைக்காரங்க ரெட்டைப்படைத் தேதியில."

ஒனோதெரா கண்ணை மூடி யோசித்தார். "யொஷிமி, இதை உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல, தலைவரே. நானாத்தான்..."

"நல்ல யோசனை."

கூட்டம் முழுவதும் ஓ என்று மூச்சுவிட்டது. பக்கத்தில் இருந்தவர் யொஷிமியின் முதுகில் தட்டினார். கினுயே தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தவள் கெட்டிலைக் கீழே வைத்தாள்.

"நான் ஒண்ணு கேக்கலாமா? நூறு பேரு குளிச்சாலும் பத்துப் பேரு குளிச்சாலும் தொட்டி அதே தொட்டிதான். நான் ஊத்துற தண்ணி அதேதான், எரியிற எண்ணெய் அதேதான். இதுல என்ன மிச்சம்?"

"மிச்சம் முக்கியமில்லை கினுயே" என்றார் ஒனோதெரா. "மனசு."

"மனசு எந்தப் பாய்லர்ல எரியுது?"

சிலர் சிரித்தார்கள். யொஷிமி சிரிக்கவில்லை. கண்ணால் அவளைக் கெஞ்சினான்.

இரண்டாம் வரிசை மிசாவோ எப்போதும் சில்லறைச் சந்தேகம் கிளப்புகிறவள். கையைத் தூக்கினாள். "அப்ப முப்பத்தொண்ணாம் தேதி? அது ஒத்தை. மறுநாள் ஒண்ணாம் தேதி, அதுவும் ஒத்தை. ஒத்தைப்படைக்காரங்க ரெண்டு நாள் சேந்தாப்புல குளிப்பாங்க, நாங்க நாறிக்கிட்டுக் கிடக்கணுமா?"

இதற்குத்தான் கூட்டத்தில் அதிக நேரம் போயிற்று. குளியல்கூடம் இருக்குமா போகுமா என்பதைப் பற்றி அவ்வளவு நேரம் பேசவில்லை. ஒற்றைப்படைக்காரர்கள், ஐயோ எங்களுக்கு வேண்டாம், நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். இரட்டைப்படைக்காரர்கள், அதெப்படி, உங்கள் தேதி அல்லவா என்றார்கள். விட்டுக்கொடுப்பதில் இரண்டு பக்கமும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் ஒனோதெரா தீர்ப்புச் சொன்னார். முப்பத்தொன்றாம் தேதி யாருக்கும் முறை இல்லை. அன்று பாய்லருக்கு விடுமுறை.

"இதுல எண்ணெயும் மிச்சம்" என்று கினுயேயைப் பார்த்துச் சொன்னார்.

எல்லோரும் கை தட்டினார்கள். டிசம்பருக்கும் முப்பத்தொன்று உண்டு என்பது அங்கே ஒருவருக்கும் உறைக்கவில்லை. உறைத்தவர்களும், தலைவர் சொன்ன பிறகு எப்படிச் சொல்வது என்று ஆரஞ்சைத் தின்றுகொண்டு இருந்திருப்பார்கள்.

யொஷிமிக்குப் புது நடை வந்தது. சாயங்காலம், குளிக்க வருகிறவர்கள் போட்டுவிட்டுப் போகும் டிக்கெட் பெட்டியைக் கவிழ்த்து எண்ணி வைத்து, வாரம் ஒருமுறை அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு கீழே நகராட்சிக்குப் போனான். நலத்துறைத் தலைவர் ஷிபுகாவா அவனை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தாராம். ஒற்றைப்படை இரட்டைப்படை ஏற்பாட்டைக் கேட்டு, "இப்படி ஒரு ஒத்துழைப்பை நான் எந்தப் பகுதியிலயும் பாத்ததில்லை" என்றாராம். யொஷிமி அந்த வாக்கியத்தை அன்று சோற்றோடு தின்றான். மறுநாளும் தின்றான்.

டிசம்பர் கடைசி நாள் வந்தது. பனி அன்று கொட்டவில்லை, காற்றுதான். கூரைப் பனியைக் கிளப்பி ஜன்னலில் அடித்தது. வருடத்து அழுக்கை வருடத்துக்குள் கழுவிவிட வேண்டும் என்பது இங்கே பால்குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். வருடக் கடைசிக் குளியலுக்குக் குழி இருந்த காலத்தில் வாசலுக்கு வெளியே பனியில் வரிசை நிற்பார்களாம். அன்றைக்குப் பாய்லர் குளிர்ந்து கிடந்தது. கினுயே பழக்கத்தில் மூன்று மணிக்கு நீலத் துணியை எடுத்தாள். பிறகு மடித்து வைத்துவிட்டாள்.

பின்கதவை யாரோ சுரண்டினார்கள். மிசாவோ. கையில் வாளி.

"அக்கா, ஒரு வாளி வெந்நீர். துணியை நனைச்சு உடம்பைத் துடைச்சுக்கிறேன். யாருக்கும் தெரிய வேண்டாம்."

"பாய்லர் எரியல மிசாவோ. உன் சந்தேகந்தான அது? நீ கையத் தூக்கினல்ல?"

"நான் சந்தேகந்தான கேட்டேன். தீர்ப்பு நானா சொன்னேன்?"

"போ. அடுப்புல கெட்டிலை வச்சுச் சுட வச்சுக்க. இல்லாட்டி தலைவர் வீட்டுல போய்க் கேளு, மனசு சூடா இருக்கும்."

மிசாவோ வாளியை மறைத்துக்கொண்டு போனாள். உள்ளே யொஷிமி வருடக் கடைசி ராத்திரிக்கென்று எல்லா வீட்டிலும் வைக்கிற நூடுல்ஸை வேகவைத்துக்கொண்டிருந்தான். கினுயே கிண்ணத்தின் முன்னால் உட்கார்ந்தாள். சாப்பிடவில்லை.

"ஊரே அழுக்கோட புது வருஷத்துக்குள்ள போவுது" என்றாள். "எல்லாம் உன்னால."

"ஒரு நாள்தான. நாளைக்கு மூணு மணிக்கு ஒத்தைப்படைக்காரங்க வருவாங்க."

"இன்னைக்கு என்ன எழுதுன?"

"என்ன எழுதுறது? யாரும் வரலையே. பூஜ்யம்."

"ஏன் வரலன்னு எழுதுனியா?"

"அதுக்குக் கட்டம் இல்லை."

அவள் கிண்ணத்தை இழுத்துக்கொண்டு நூடுல்ஸைச் சாப்பிட்டாள்.

நகரமன்றக் கூட்டம் மார்ச்சில். சங்கத்திலிருந்து ஒரு வேன் நிறையப் போனோம். நான் ராத்திரி வேலை முடித்த கண்ணோடு போனேன். பார்வையாளர் மாடத்துக்குள் போகப் பெயர் எழுத வேண்டும், தொப்பியைக் கழற்ற வேண்டும், பூட்ஸைக் கழற்றிவிட்டு அவர்கள் தரும் செருப்பை மாட்ட வேண்டும். கை தட்டக் கூடாது, பேசக் கூடாது, ஆமோதித்தோ மறுத்தோ எந்தச் சைகையும் காட்டக் கூடாது என்று பலகையில் எழுதியிருந்தது. எங்கள் ஆட்களுக்கு இது எதுவும் கஷ்டமில்லை. பிறந்ததிலிருந்து பழகியதுதான்.

நகரமன்றத்தில் எதுவும் தீர்மானிக்கப்படுவதில்லை. அது முன்னாலேயே நடந்துவிடும். யார் அலுவலகத்திலோ, எந்த நூடுல்ஸ் கடையின் பின்னறையிலோ. அங்கே நடப்பது வாசிப்பு. உறுப்பினர் கேள்வியை ஒரு வாரம் முன்னதாக எழுதிக் கொடுப்பார். துறைத் தலைவர் பதிலை எழுதி வைப்பார். சோம்பேறி உறுப்பினருக்குக் கேள்வியையும் துறைதான் எழுதித் தரும். பிறகு இரண்டு பேரும் தங்கள் தாளைத் தவறில்லாமல் வாசிக்க வேண்டும். அவ்வளவுதான் திறமை. பின்வரிசையில் ஒருவர் தூங்கினார். தூங்குவதிலும் அனுபவம் தெரிந்தது, தலை சாயவில்லை.

அந்த வருடம் புதிய செலவு என்று ஒன்று இருந்தது. ரயில் நிலையத்துக்கு விளக்கு அலங்காரம். எங்கள் பாதையில் ரயிலை நிறுத்தி நாளாகிவிட்டது. தண்டவாளத்தையும் பெயர்த்து எடுத்துப் போய்விட்டார்கள். நிலையம் மட்டும் நிற்கிறது. அதற்கு நீல விளக்குப் போட்டால் சுற்றுலாக்காரர்கள் வருவார்களாம். அது ஒரு வாசிப்பில் நிறைவேறியது.

அடுத்தது குளியல்கூடம். நுமகுரா எழுந்தார். எங்கள் மாடத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. "மூன்றாம் குழி பொதுக் குளியல்கூடத்தின் பயன்பாட்டு நிலவரம் குறித்து அறிய விரும்புகிறேன்" என்று வாசித்தார்.

ஷிபுகாவா எழுந்து கண்ணாடியைச் சரிசெய்தார். "நவம்பர் முதல் பயன்படுத்துவோர் எண்ணிக்கை சுமார் பாதியாகக் குறைந்துள்ளது. குடியிருப்போர் சங்கமே நாள்தோறும் எடுத்து வழங்கிய கணக்கு இது என்பதால் நம்பகமானது. குறிப்பாக, வழக்கமாக அதிகக் கூட்டம் எதிர்பார்க்கப்படும் ஆண்டின் கடைசி நாளில், ஒருவர்கூட வரவில்லை. தேவை இயல்பாகவே மறைந்து வருகிறது என்று துறை கருதுகிறது."

மாடத்தில் யாரும் அசையவில்லை. சைகை கூடாதே. யொஷிமியின் கழுத்து மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. கணக்கு தன்னுடையது என்பதால், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது போல ஆடத் தொடங்கி, நிறுத்தத் தெரியாமல் ஆடியது.

நுமகுரா வாசித்தார். "தெளிவான விளக்கத்துக்கு நன்றி. குடியிருப்போரின் உயர்ந்த ஒத்துழைப்பு மனப்பான்மைக்கு நான் தலைவணங்குகிறேன்." வணங்கினார்.

எங்கள் மனு இரண்டு வரியில் முடிந்தது. கருத்து கவனத்தில் கொள்ளப்பட்டது என்றார்கள்.

"மூடும் தீர்மானத்தை ஏற்பவர்கள் எழுந்து நிற்கவும்" என்றார் மன்றத் தலைவர்.

கினுயேக்கு அதற்கு முந்தைய நொடியில் கோபம் தலைக்கேறிவிட்டது. பேசுவதற்காக எழுந்துவிட்டாள். யொஷிமி சட்டைக் கையைப் பிடித்து இழுத்தான். கீழே உறுப்பினர்கள் எழுந்தார்கள். தூங்கியவர்கூட எழுந்தார், அதுதான் அனுபவம். ஒரே ஒரு பெண் உறுப்பினர் உட்கார்ந்திருந்தார். அவர் எல்லாவற்றுக்கும் உட்கார்ந்திருப்பவர் என்பதால் யாரும் அவரைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நுமகுரா முழங்காலில் கை ஊன்றி எழுந்தார். மாடத்தில் கினுயேயும் நின்றுகொண்டிருந்தாள். ஒரு எழுத்தர் மேலே பார்த்துக் கையால் உட்காரச் சொன்னார். அப்போதுதான் அவளுக்கு நிற்பதன் பொருள் புரிந்தது. சடாரென்று உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகு ஒனோதெரா அவள் பக்கம் குனிந்து, "மானத்தை வாங்காத" என்றார். அன்று மூன்றாம் குழியிலிருந்து எழுந்த ஒரே மறுப்பு அவளுக்கு எதிராகத்தான் எழுந்தது.

வாசலில் நுமகுரா காத்திருந்தார். ஒவ்வொருவருக்கும் தலைவணங்கினார். "என் சக்திக்கு மீறிப் போச்சு. ஆனா ஒண்ணு வாங்கிட்டேன். வாரம் ஒருநாள் வேன். கீழ வெந்நீர் ஊற்று விடுதிக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வரும்."

"பெரிய உபகாரம்" என்று ஒனோதெரா குனிந்தார். எல்லோரும் குனிந்தார்கள்.

"சென்செய், அந்த ஏற்பாடு உங்களுக்குத் தெரியுமே" என்றாள் கினுயே. "யொஷிமி ஷிபுகாவாகிட்ட சொன்னானே. நீங்களும் இப்ப அதுக்குத் தலைவணங்குனீங்களே. ஏன் குறைஞ்சுதுன்னு ஒரு வார்த்தை உள்ள சொல்லியிருக்கலாமே."

நுமகுரா வருத்தமாகச் சிரித்தார். "கேள்வி ஒரு வாரம் முன்னாடியே குடுத்தாச்சேக்கா. அதுல இல்லாததை எப்படிப் பேசுறது?"

வேன் ஆற்றுப் பாலம் தாண்டிய பிறகு யொஷிமி மெதுவாகச் சொன்னான். "நல்ல எண்ணத்துலதான செஞ்சேன்."

"தெரியும்" என்றாள் கினுயே. "கெட்ட எண்ணத்துல செய்யிறதுக்குக் கொஞ்சமாவது மூளை வேணும்."

முன்சீட்டுக்காரர்கள் ஜன்னலுக்கு வெளியே எதையோ கூர்ந்து பார்த்தார்கள். வெளியே பனிமூட்டம், ஒன்றுமில்லை.

மார்ச் கடைசியோடு வரவுசெலவு ஆண்டு முடிகிறது. குளியல்கூடமும் அதோடு முடியும். அதுவரை மூன்று வாரம் இருந்தது. கினுயே அன்றே ஒனோதெரா வீட்டுக்குப் போனாள். நான் கூடப் போனேன், பனிவழுக்கலில் அவளுக்குக் கைகொடுக்க.

"தலைவரே, இனிமே மனசை யாருக்குக் காட்டணும்? நாளையிலருந்து எல்லாரையும் தினம் வரச் சொல்லுங்க. தண்ணியக் கொதிக்கக் கொதிக்க வைக்கிறேன். ஆசைதீரக் குளிச்சுட்டுப் போகட்டும்."

ஒனோதெரா பைப்பில் புகையிலை அடைத்தார். "முடியாது கினுயே."

"ஏன்?"

"முடிவானதுக்கு அப்புறம் தினம் குளிச்சா, கோவத்துல குளிக்கிற மாதிரி தெரியும். வேன் குடுத்திருக்காங்க. அதையும் எடுத்துட்டாங்கன்னா?"

"அப்ப கடைசி நாள்? மார்ச் முப்பத்தொண்ணு?"

ஒனோதெரா பைப்பைக் கீழே வைத்தார். அது அவருக்கு அப்போதுதான் உறைத்தது என்று முகத்தில் தெரிந்தது. ஒருநாளைக்காவது மேஸ்திரி என்பதை மறந்து மனிதனாகப் பேசுவார் என்று நினைத்தேன்.

"முறையை வகுத்ததே நாமதான்" என்றார். "கடைசி நாள்ல நாமளே மீறுனா, இத்தனை நாள் காத்ததுக்கு அர்த்தம் இல்லாமப் போயிரும்."

முப்பத்தொன்றாம் தேதி காலையிலேயே அவர்களுடைய சாமான் கட்டப்பட்டிருந்தது. மறுநாள் மாடிக் குடியிருப்புக்கு. அங்கே ஒரு ஆள் முழங்காலை மடக்கி உட்காரும் அளவுக்குக் குளியல்தொட்டி உண்டு. எங்கள் தொழிற்சாலையில் முட்டைக்கோஸ் நறுக்க ஆள் எடுக்கிறார்கள். கினுயே பெயர் கொடுத்துவிட்டாள். யொஷிமிக்கு வேலை எதுவும் அமையவில்லை. அவன் சங்கத்தில் மட்டும்தான் செயலாளர். சங்கம் மேலே, அவன் இனிமேல் கீழே.

அன்றைக்குப் பாய்லருக்கு விடுமுறை. கினுயே அதை மூட்டினாள். அடுப்பங்கரையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்த யொஷிமி உறுமல் கேட்டு ஓடிவந்தான்.

"இன்னைக்கு யாருக்கும் முறை இல்லையே."

"தொட்டியைத் தேய்ச்சுட்டேன். தண்ணி நிரப்பிட்டேன். மிச்ச எண்ணெயை அவங்க எடுத்துட்டுப் போயி ரயில் நிலையத்துக்கு விளக்கேத்தவா?"

"யாராவது புகையைப் பாத்தா?"

"பாக்கட்டும். கை தட்டக் கூடாதுன்னு சொல்லிவிடு."

அவள் நீலத் துணியைத் தொங்கவிடவில்லை. வாசல் தாழ்ப்பாளைப் போட்டாள். பெண்கள் பக்கத்துக்குப் போனாள். சுவருக்கு இந்தப் பக்கம் பாய்லர் அறையில் நான் இருந்தேன். வாளியில் மொண்டு உடம்பில் ஊற்றுவது கேட்டது. பிறகு தொட்டி விளிம்பு வழிந்து தண்ணீர் தரை ஓட்டில் பரவியது. முதல் தண்ணீர் அப்படித்தான் வழியும், நிறைந்திருப்பதால்.

வெளியே கார் வந்து நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நுமகுரா, ஷிபுகாவா, கேமராவோடு நகராட்சிச் செய்தி இதழ்க்காரன், கண்ணாடிச் சட்டம் போட்ட நன்றிப் பத்திரம். நுமகுரா தோளில் புதுத் துண்டு. கடைசி நாளில் மக்களோடு மக்களாகக் குளிக்கிற படம் ஒன்று அவர்களுக்கு வேண்டும் போலிருந்தது. மக்களைக் காணோம். ஊர் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு முறையைக் காத்துக்கொண்டிருந்தது. வாசலில் துணியும் இல்லை. மூன்று பேரும் ஈரப் பனியில் நின்றார்கள். தூவலாக விழுந்த பனி நன்றிப் பத்திரத்தின் கண்ணாடியில் உருகி ஓடியது. யாரும் கதவைத் தட்டவில்லை.

யொஷிமி பதறிப்போய்ப் பெண்கள் பக்கக் கதவுக்கு வெளியே நின்றான்.

"கினுயே, சென்செய் வந்திருக்காரு. துறைத் தலைவரும். பனியில நிக்கிறாங்க. துணியைப் போட்டுரட்டுமா?"

உள்ளே தண்ணீர் அசைந்தது. "எதுக்கு வந்திருக்கான்?"

"கடைசியா ஒருதடவை குளிக்க. துண்டு வச்சிருக்காரு."

"அவன் வீடு எந்த வரிசை?"

"ஏழு."

"அப்ப ஒத்தைப்படை."

"ஆமா."

"இன்னைக்குத் தேதி என்ன?"

யொஷிமி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"நாளைக்கு ஒண்ணாம் தேதி. அவன் முறை. நாளைக்கு வரச் சொல்லு."

யொஷிமி நின்றுகொண்டே இருந்தான். போய் மழுப்பிவிட்டு வருவான் என்றுதான் நினைத்தேன். ஆனால் வாழ்நாள் முழுக்க அடுத்தவன் சொன்னதை அப்படியே கொண்டுபோய்ச் சேர்த்த ஆள் அவன். அவனால் வேறு எப்படிச் செய்ய முடியும்? பின்பக்கமாகச் சுற்றிப் போய், பனியில் அவர்கள் முன்னால் இடுப்புவரை குனிந்து, ஒரு சொல் மாற்றாமல் சொன்னான். இன்றைக்கு முப்பத்தொன்று, யாருக்கும் முறை இல்லை, ஏழாம் வரிசைக்கு நாளைக்கு முறை, தயவுசெய்து நாளைக்கு வரவும்.

நுமகுரா மூடிய கதவைப் பார்த்தார். புகைபோக்கியைப் பார்த்தார். நாளைக்கு என்ன தேதி, நாளைக்கு இங்கே என்ன இருக்கும் என்பது அங்கே நின்ற நான்கு பேருக்கும் தெரியும்.

"ஆமா, ஆமா" என்றார். "முறைன்னா முறைதான்."

துண்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, பதிலுக்குக் குனிந்தார்.